நினைவும் நினைவுகளும்

‘நினைவு’ என்று ஒருமையில் எழுதும்போது மனத்தின் ஆற்றலோ, பிரிக்க இயலாத ஒற்றை உணர்வோ முன்நிற்கிறது. ‘நினைவுகள்’ என்றவுடன் அது எண்ணத்தக்க தனித்தனி நிகழ்ச்சிகளாக விரிகிறது. ‘நினைவு திரும்பியது’ என்றால் மயக்கம் தெளிந்தது. ‘நினைவுகள் திரும்பின’ என்றால் கடந்தகாலம் வந்து சூழ்ந்துகொண்டது. ஒரு விகுதி பொருளை இவ்வளவு தொலைவு நகர்த்துவது எனக்கு இன்றும் வியப்பே.

எண்ணுப்பெயர் முன்வரும்போது வேறுபாடு நுட்பமாகிறது. ‘மரம்’ போன்றவற்றை இலக்கணம், ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பால்பகா அஃறிணைப் பெயர் என்று வகுப்பதால் ‘பத்து மரம்’ பிழையன்று; ஆயினும் அது அளவைச் சொல்வதாகவும், ‘பத்து மரங்கள்’ ஒவ்வொன்றையும் தனித்து நிறுத்துவதாகவும் எனக்குத் தோன்றுகிறது. ‘மரம் வளர்ப்போம்’ என்னும் அழைப்பில், எண்ணிக்கையை விடுத்து இனத்தையே சுட்டுவதால், ஒருமையே வலியது. உயர்திணையில் இந்த நெகிழ்வு இல்லை: ‘பத்து மாணவன்’ என எழுத முடியாது.