கரிசல் மண்ணில் ஷட்டில் கோர்ட்: அடியில் எதை விரிப்பது?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஷட்டில் கோர்ட் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது கோரையைப் பற்றித்தான். அடியில் எதை விரித்தால் புல் வராது? கேள்வி சரிதான். ஆனால் கரிசலில் அதைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் கை நுழையும் அளவுக்குப் பாளம் வெடிக்கிற மண் இது. செம்மண்ணில் ஒழுங்காகக் கிடக்கிற விரிப்பு இங்கே முதல் ஐப்பசியிலேயே தோற்றுவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் விரித்தது பழைய ஃப்ளெக்ஸ் பேனர். காசில்லாமல் கிடைத்தது, கனமாகவும் இருந்தது. சித்திரையில் விரித்து மேலே நான்கு அங்குலம் கிரஷர் பொடி கொட்டினோம். ஆவணி வரை ஒரு புல் தலைகாட்டவில்லை. ஐப்பசி மழையில்தான் விஷயம் தெரிந்தது. பொடிக்குள் இறங்கிய தண்ணீர் ஃப்ளெக்ஸைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றது. நடந்தால் கால் மாவில் வைத்த மாதிரி அமுங்கியது. விரிப்புக்கு வெளியே மண் நனைந்து உப்ப, உள்ளே காய்ந்தே கிடக்க, ஓரம் எழும்பி நடு குழிந்துவிட்டது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்த கோரை முளைகள் ஊசி முனையோடு பக்கவாட்டில் ஓடி, தையல் பிரிந்த இடம் தேடிப் போயிருந்தன. கிழங்கு ஒன்றுகூடச் சாகவில்லை.

கறுப்பு பாலித்தீன் ஷீட்டுக்கும் இதே கதைதான். தக்காளி, மிளகாய்ப் பாத்திக்குப் போடுகிற 25, 30 மைக்ரான் மல்ச்சிங் ஷீட்டைச் சிலர் வாங்கி விரிக்கிறார்கள். அதை விதையிலிருந்து முளைக்கிற களைக்குச் சொல்லலாம், கோரைக்குச் சொல்லக்கூடாது. கோரை முளை அதைக் குத்திக்கொண்டே மேலே வரும். கனமான ஷீட் போட்டால் குத்துவது குறையும், தண்ணீர்ப் பிரச்சினை அப்படியே இருக்கும். கரிசலில் தண்ணீர் இறங்காத எந்த விரிப்பையும் பொடிக்கு அடியில் போடாதீர்கள் என்றே சொல்வேன்.

மீதி இரண்டுக்கு நடுவில்தான் உண்மையான போட்டி.

ஒன்று, நெய்த களைப்பாய். நர்சரிகளில் தொட்டிகளுக்கு அடியில் கறுப்பாகக் கோடு போட்டு விரித்திருப்பார்களே, அதுதான். சதுர மீட்டருக்கு 100 கிராமுக்கு மேல் எடையுள்ளதாக வாங்கினால் கோரையைப் பெரும்பாலும் அடக்கிவிடும். இழை அவ்வளவு நெருக்கம். குறை என்னவென்றால், அதே நெருக்கத்தில் கரிசலின் நுண்மண் போய் அடைத்துக்கொள்ளும், வடிகால் மெல்ல மெல்ல மந்தமாகும். வெட்டிய ஓரம் இழை இழையாகப் பிரியும். சூடான கத்தியால் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். இழுவையும் குறைவு. கோடையில் அடியில் பாளம் வெடிக்கும்போது பாய் நீண்டு கொடுக்காது, ஆணி அடித்த இடத்தில் கிழியும்.

இன்னொன்று, நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல். தொட்டால் கம்பளி மாதிரி இருக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் ரகம் கோர்ட்டுக்குப் போதும். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே சீராக இறங்கும். மண் வெடித்தாலும் கிழியாமல் இழுபட்டுக் கொடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஜல்லியைச் சேற்றிலிருந்து பிரித்து வைக்கும். இது இல்லாமல் கரிசல் மேல் ஜல்லி கொட்டிப் பாருங்கள், இரண்டு மழையில் ஜல்லி கீழே போகும், சேறு மேலே வரும். குறையும் உண்டு. மெல்லிய ரகமாக இருந்தால் கோரை துளைத்துவிடும். அருகம்புல்லின் வேர் பஞ்சுக்குள் பின்னிக்கொண்டால், புல்லைப் பிடுங்கும்போது துணியும் சேர்ந்து வரும்.

என் தேர்வு ஜியோ டெக்ஸ்டைல். காரணம் இதுதான்: கோரையை முன்கூட்டியே உழைத்துக் குறைத்துவிடலாம், சேற்றில் புதைந்த ஜல்லியைப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பங்குனி, சித்திரையில் அரை அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி வெயிலில் போடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி புரட்டுங்கள். கிழங்கு காய்ந்து சுருங்கும். தப்பியதைக் கையால் பொறுக்கிவிடலாம். வேலிக்கருவைத் தூர் இருந்தால் அடியோடு தோண்டி எடுக்க வேண்டும், அதற்கு எந்தத் துணியும் ஈடு கொடுக்காது. அதற்கெல்லாம் நேரமில்லை, இடம் முழுக்கக் கோரைக் காடு என்றால் நெய்த பாயையே போடுங்கள், தண்ணீர் வடிய வைக்கிற வாட்டத்தை, அதாவது சரிவை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

சிமென்ட் தளம் போடுகிறவர்களுக்குக் களைவிரிப்பே தேவையில்லை. அங்கே கவலை வேறு: கரிசல் உப்பித் தளத்தைத் தூக்கி உடைக்கும். மேல் கரிசலை எடுத்துவிட்டு உப்பாத சரள் மண்ணை நிரப்பி இறுக்கினால்தான் தப்பலாம். உப்பும் மண்ணுக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே உப்பாத மண் அடுக்கு வைக்கும் முறையைப் பம்பாய் ஐஐடியில் ஆர்.கே. கட்டி ஆராய்ந்து வகுத்தார். கரிசல் வழியே போகும் கால்வாய்களில் அது பயன்படுகிறது. வீட்டுக் கோர்ட்டுக்கு அந்தச் செலவு கட்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதை விரித்தாலும் அளவு ஒன்றுதான். கோர்ட் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். சுற்றிலும் ஒரு மீட்டர் விட்டால் ஏறக்குறைய 125 சதுர மீட்டர். துணி மேல் துணி ஒரு அடி ஏறி இருக்கட்டும். அரை அடி போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் கரிசலில் அது விலகிவிடும். அகலவாக்கில் நூற்றுக்கு ஒன்று வாட்டம், அதாவது 8 மீட்டருக்கு 8 சென்டிமீட்டர். ஓரத்தை அரை அடிப் பள்ளத்தில் மடக்கிப் புதையுங்கள். அருகம்புல் பெரும்பாலும் வெளியிலிருந்து ஓரம் வழியாகத்தான் நுழையும். துணி மேல் நான்கு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன் மேல் இரண்டு அங்குலம் கிரஷர் பொடி, தண்ணீர் தெளித்து ரோலர்.

அப்புறம் ஒரு விஷயம். காற்றிலோ காலில் ஒட்டியோ வந்து பொடி மேல் விழும் விதையை எந்த விரிப்பும் தடுக்காது. செருப்பிலும் டயரிலும் ஒட்டி வருகிற நெருஞ்சிதான் மோசம்; பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். மழை விட்ட மூன்றாம் நாள் ஒருமுறை குனிந்து நடந்து பாருங்கள், இரண்டிலையாக இருக்கும்போதே விரலால் கிள்ளிவிடலாம். மஞ்சள் பூ வந்துவிட்டால் பின்னாலேயே முள்ளும் வந்துவிடும்.