ஆபரேஷனுக்குப் பின் வாந்தி: எந்த மருந்து, யாருக்கு?

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியை அதிகம் வாட்டுவது வலிதான் என்று வெளியில் நிற்கும் நாம் நினைத்துக்கொள்கிறோம். 1999-இல் ஸ்டான்ஃபோர்டில் நோயாளிகளிடமே, "எது உங்களுக்கு வரவே கூடாது?" என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முதலிடம் வாந்திக்கு. தையல் வலி அதற்குக் கீழேதான் வந்தது. வயிற்றில் புதுத் தையலோடு இருப்பவர் ஓங்கரிக்கும்போது இரண்டு கையாலும் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

தடுப்பு மருந்து எதுவும் தராவிட்டால், பொது மயக்கம் பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொல்லை வரும். ஆபத்து அதிகமுள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேர் வரை போகும். மருந்துகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எது நம்பர் ஒன் என்ற பட்டியலை நான் பெரிதாக நம்புவதில்லை. யாருக்கு, எத்தனை மருந்து, எந்த நேரத்தில் என்று பார்த்தால்தான் பலன் தெரிகிறது.

ஒண்டான்செட்ரானா, டெக்சாமெத்தசோனா?

எமிசெட் என்ற பெயர் நம் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கம். அதன் உள்ளே இருப்பது ஒண்டான்செட்ரான். புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்காக வந்து, பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தது. செரட்டோனின் வழியாக வாந்தி மையத்துக்குப் போகும் செய்தியை இது மறிக்கிறது. தூக்கம் வராது, நரம்பில் போட்டால் சீக்கிரம் வேலை செய்யும். குறையும் உண்டு. வாந்தியை நிறுத்தும் அளவுக்குக் குமட்டலை அடக்காது. சிலருக்குத் தலைவலி, மலச்சிக்கல் வரும். மூன்று நான்கு மணி நேரத்தில் உடம்பில் இதன் அளவு பாதியாகிவிடுவதால், ஆபரேஷன் முடியும் தறுவாயில் போடுகிறார்கள்.

டெக்சாமெத்தசோன் பழைய ஸ்டீராய்டு, விலையும் மிகக் குறைவு. இதன் குணம் நேர் எதிர். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் ஒரு நாள் முழுவதும் நிற்கும். அதனால் ஆரம்பத்திலேயே போட வேண்டும். அதுவும் நோயாளி மயங்கிய பிறகு. விழித்திருக்கும்போது வேகமாக ஏற்றினால், பிறப்புறுப்பைச் சுற்றித் தாங்க முடியாத எரிச்சலும் அரிப்பும் வரும். சில வினாடிகளில் அடங்கிவிடும் என்றாலும், ஏன் என்று தெரியாமல் அதை அனுபவிப்பவர் பதறிப்போவார்.

ஸ்டீராய்டு என்றதும் புண் சீழ் பிடிக்குமே, சர்க்கரை ஏறுமே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தை நேரடியாகச் சோதித்தது 2021-இல் வெளியான 'பாடி' (PADDI) என்ற ஆய்வு. 8,800-க்கும் மேற்பட்ட நோயாளிகள். 8 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் பெற்றவர்களில் 8.1 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 9.1 சதவீதம் பேருக்கும் ஆபரேஷன் புண்ணில் தொற்று வந்தது. ஒரே ஒரு டோஸ் தொற்றைக் கூட்டவில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. சர்க்கரை நோயாளிக்குப் போட்டால் அன்று அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிட்டனில் குடல் ஆபரேஷன் நோயாளிகள் 1,350 பேரிடம் நடந்த ட்ரீம்ஸ் ஆய்வில், இதே 8 மில்லிகிராம் முதல் 24 மணி நேர வாந்தியை 33 சதவீதத்திலிருந்து 25.5 சதவீதத்துக்குக் குறைத்தது.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்று ஆரம்பத்தில், ஒன்று முடிவில், வேலை செய்யும் வழியும் வேறு வேறு. சேர்த்துப் போடுவதற்கென்றே அமைந்த ஜோடி இது.

சேர்த்தால் எவ்வளவு கூடும்?

இதற்குப் பதில் சொன்னது 2004-இல் வந்த இம்பாக்ட் ஆய்வு. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இதுதான். ஆபத்து அதிகமுள்ள 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், ஆறு தடுப்பு வழிகள். ஒவ்வொன்றையும் தருவது, தராதது என்று மாற்றி மாற்றி அமைத்ததில் 64 கூட்டணிகள் கிடைத்தன. ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், டிரோபெரிடால் என்ற இன்னொரு வாந்தி மருந்து மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு, தலா 26 சதவீதம் ஆபத்தைக் குறைத்தன. ஒரு மருந்தும் தராதபோது 52 சதவீதம் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வந்தது. ஒன்று தந்தபோது 37, இரண்டுக்கு 28, மூன்றுக்கு 22.

அந்த இறக்கத்தைக் கவனியுங்கள். முதல் மருந்து 15 புள்ளிகளைக் குறைக்கிறது, மூன்றாவது ஆறு புள்ளிகளை மட்டும். மருந்து பலவீனமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மிச்சமிருக்கும் ஆபத்து குறைந்துவிட்டது. அதனால்தான் 10 சதவீத ஆபத்து உள்ள ஒருவருக்கு மருந்து தருவதும், 80 சதவீத ஆபத்து உள்ளவருக்குத் தருவதும் ஒன்றாகாது. முதல் வகையில் ஒருவர் பலன் பெறச் சுமார் 40 பேருக்குப் போட வேண்டும். இரண்டாவதில் ஐந்து பேருக்குப் போட்டால் போதும்.

ஒதுக்கப்பட்ட டிரோபெரிடால், மேலே நிற்கும் அப்ரெபிட்டன்ட்

டிரோபெரிடாலுக்கு நடந்தது அநியாயம் என்பது என் கருத்து. இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கலாம் என்று 2001 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. பல இடங்களில் பயன்பாடு சரிந்தது. 2005-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு, வாந்திக்குத் தரும் சிறிய அளவு டிரோபெரிடாலும் நாம் தயங்காமல் போடும் ஒண்டான்செட்ரானும் இசிஜியில் ஏறக்குறைய ஒரே மாற்றத்தைத்தான் உண்டாக்குகின்றன என்று காட்டியது.

2020-இல், மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 585 ஆய்வுகளைத் தொகுத்தது. வாந்தித் தடுப்பில், உறுதியான சான்று உள்ள தனி மருந்துகளில் அப்ரெபிட்டன்ட் முதலில் நின்றது. அதற்குப் பின் ஒண்டான்செட்ரான் வகையைச் சேர்ந்த ராமோசெட்ரான், கிரானிசெட்ரான், பிறகு டெக்சாமெத்தசோன், ஒண்டான்செட்ரான். அப்ரெபிட்டன்ட் மயக்கத்துக்கு முன் விழுங்கும் மாத்திரை. நீண்ட நேரம் நிற்கும். கண், மூளை ஆபரேஷன் போல, ஒரு முறை ஓங்கரித்தாலே ஆபத்தாகும் இடங்களில் இதற்கு மதிப்பு அதிகம். கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதை இளம்பெண்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கிரானிசெட்ரான் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் யோஷிடாகா ஃபுஜி இந்த மருந்து பற்றி ஏராளமான ஆய்வுகளை வெளியிட்டார். அவருடைய பல கட்டுரைகளில், தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை எல்லாக் குழுக்களிலும் ஒன்றாகவே இருந்ததைக் கவனித்த ஜெர்மானிய மருத்துவர்கள் 2000-இலேயே எழுதினார்கள். 2012-இல்தான் ஜப்பானிய மயக்கவியல் சங்கம் விசாரித்து, 172 கட்டுரைகளில் தரவு புனையப்பட்டது என்றது. அந்தப் பன்னிரண்டு வருடங்களும் அவருடைய எண்கள் மருந்து ஒப்பீடுகளுக்குள் புகுந்துகொண்டே இருந்தன. தரவரிசைப் பட்டியல்களை எச்சரிக்கையோடு படிக்க இதைவிடக் காரணம் தேவையில்லை.

வாந்தி மருந்தில்லாத வழிகள்

முகர வைக்கும் மயக்க வாயுவைத் தவிர்த்து, புரோபோஃபால் ஊசியாலேயே முழு மயக்கத்தையும் நடத்தலாம். இம்பாக்ட் ஆய்வில் இது ஆபத்தை 19 சதவீதம் குறைத்தது. மயக்கத்தோடு சேர்த்துத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவையும் விட்டுவிட்டால், ஒரு வாந்தி மருந்து தந்ததற்குச் சமம். முகரும் மயக்க வாயுவின் தொந்தரவு முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம் என்பதால், இரவில் வரும் வாந்திக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள புள்ளியை அழுத்துவதை நம்பாதவர்கள் பலர். 59 ஆய்வுகளைத் தொகுத்த 2015 காக்ரேன் அலசல், போலி சிகிச்சையைவிட இது குமட்டலையும் வாந்தியையும் குறைக்கிறது என்றது. சான்றின் தரம் குறைவு, கெடுதலும் மிகக் குறைவு. மருந்தோடு சேர்த்துச் செய்யலாம்.

யாருக்கு எத்தனை?

மயக்கவியல் மருத்துவர் கிறிஸ்டியன் ஆப்ஃபெல் 1999-இல் தந்த நான்கு கேள்விகள் போதும். பெண்ணா? புகைபிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தியோ, பஸ்ஸில் போனால் வாந்தியோ வந்ததுண்டா? ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா? ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் ஒரு புள்ளி. எதுவும் இல்லையென்றால் ஆபத்து 10 சதவீதம். ஒவ்வொன்றாகக் கூடும்போது 21, 39, 61, 79. தமிழ்நாட்டில் புகைபிடிக்கும் பெண்கள் மிகக் குறைவு. ஆகவே நம் பெண்கள் அனேகமாக எல்லோரும் இரண்டு புள்ளிகளோடுதான் தியேட்டருக்குள் நுழைகிறார்கள். 2020 சர்வதேச வழிகாட்டுதல்படி, ஒன்றோ இரண்டோ புள்ளி இருந்தாலே இரு மருந்து, அதற்கு மேல் மூன்று நான்கு. டெக்சாமெத்தசோனும் ஒண்டான்செட்ரானும் அவர்களுக்கு வழக்கமாகவே கிடைக்க வேண்டும். பஸ் வாந்தியும் சேர்ந்தால் புரோபோஃபால் மயக்கத்தையோ இன்னொரு மருந்தையோ கூட்ட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி வந்தால், ஆறு மணி நேரத்துக்குள் அதே மருந்தைத் திரும்பப் போடுவதில் பலனில்லை. ஒண்டான்செட்ரான் போட்டும் நிற்காதவருக்கு இன்னொரு ஒண்டான்செட்ரான் உதவவில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும். கூட இருக்கும் உறவினர் சிஸ்டரிடம், "தியேட்டர்ல எந்த வாந்தி ஊசி போட்டாங்க, எத்தனை மணிக்கு?" என்று தயங்காமல் கேட்கலாம். கேஸ் ஷீட்டில் அது எழுதியிருக்கும்.