வயரிங்கையே மாற்றுவதா, பழுதைத் தேடுவதா?

15 வருடம் ஓடிய ஸ்பிளெண்டரை வாங்கி, ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். ஹாரன் முனகுகிறது, இன்டிகேட்டர் மினுக்க மறுக்கிறது, பிரேக் லைட் மங்கல். மெக்கானிக்கிடம் காட்டினால், "வயரிங்கை மொத்தமா மாத்திடலாம்ணே" என்பார்.

மாற்றினால் முந்தைய ஓனர்கள் வெட்டி ஒட்டியதெல்லாம் ஒரேயடியாகத் தொலையும், அது பெரிய நிம்மதிதான். ஆனால் மலிவு விலை வயரிங் செட்டுகள் பலவற்றில் செம்பு மெலிசு, வயர்களை இணைக்கும் பிளக்கான கப்ளரும் இறுக்கமாக உட்காராது. தோல் கெடாத கம்பெனி வயர் அதைவிட எவ்வளவோ மேல். என் ஓட்டு தேடுவதற்குத்தான்.

பழைய ஸ்பிளெண்டரில் ஹெட்லைட்டுக்கு, எஞ்சின் சுழலும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏ.சி. கரண்ட் போகிறது. ஹாரன், இன்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியை நம்பியவை. அதனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிவதை வைத்து பேட்டரியை எடைபோடக் கூடாது. மூன்றும் சேர்ந்து சோர்ந்தால் பேட்டரி, ஃபியூஸ், எர்த் (வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்டு இணைக்கும் வயர்) ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் அதன் சுவிட்ச், பல்பு, இன்டிகேட்டராக இருந்தால் அதை மினுக்கவைக்கும் ஃபிளாஷர்.

சரி, எதை வைத்துத் தேடுவது? பேட்டரிக்கு மல்டிமீட்டர்தான். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா, சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ காயிலையோ கவனிக்காமல் புது பேட்டரி போட்டுப் பயனில்லை. வயரைச் சோதிக்கும்போதுதான் மீட்டர் ஏமாற்றும். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டிவிடும். அங்கே 10 வாட் இன்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லாம்ப்தான் உண்மையைச் சொல்லும், இணைப்பு மோசமாக இருந்தால் கரண்ட் இழுக்கும்போது அது மங்கிவிடும்.

விற்பதற்காகப் பெயிண்ட் அடித்த வண்டி என்றால் முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றுங்கள். எர்த் வயரின் முனை வளையத்துக்கு அடியில் பெயிண்ட் இருக்கலாம். உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். பல்பு ஹோல்டரில் பச்சைக் களிம்பு இருந்தால் அதையும் சுரண்டுங்கள். பல வண்டிகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

ஹேண்டில் கழுத்தருகே வயரை மடக்கும்போது தோல் மொறுமொறுவென உடைந்தாலோ, ஷார்ட் ஆகிக் கருகியிருந்தாலோ, தேட வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதே மாடல், அதே வருட ஒரிஜினல் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். கிக்கர் வண்டிக்கும் செல்ஃப் வண்டிக்கும் செட் வேறு. கழற்றும் முன் ஒவ்வொரு கப்ளரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.