பொலேரோ நியோவின் எம்எல்டி: மணலிலும் சேற்றிலும் எவ்வளவு கைகொடுக்கும்?

தாழங்குடா பக்கம் சவுக்குத் தோப்புக்குள் போய்வருகிறவர், மழைக்காலத்திலும் பாகூர் மண்பாதையை விட்டால் வழியில்லாதவர், நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் கரும்புக் கொல்லை வைத்திருப்பவர்: இவர்களுக்கு மஹிந்திரா பொலேரோ நியோவின் என்10 ஓ வேரியன்ட்டைத் தைரியமாகச் சொல்லலாம். காரணம் பின் ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் (பின்சக்கர அச்சின் உறை) இருக்கும் ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரென்ஷியல், சுருக்கமாக எம்எல்டி. டிஃபரென்ஷியல் என்பது இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு. மஹிந்திரா எம்எல்டியை ‘மல்டி டெரைன் டெக்னாலஜி’ என்ற பெயரில் கொடுக்கிறது. புதுச்சேரி டவுனுக்குள்ளும் ஈசிஆரிலும் மட்டும் ஓட்டுகிறவர் இதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். அவர் வண்டியில் அது வேலை செய்ய வாய்ப்பே வராது.

நியோ பின்சக்கர டிரைவ் வண்டி. 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல், 100 குதிரைத்திறன், 260 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஆனால் சேற்றில் மாட்டும்போது இன்ஜின் டார்க் எவ்வளவு என்பது கணக்கிலேயே வராது. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பின்சக்கரத்துக்கும் எப்போதும் சம அளவு டார்க்தான் கொடுக்கும். இடது சக்கரம் நிற்கும் களிமண் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்குமென்றால், கெட்டித் தரையில் நிற்கும் வலது சக்கரத்துக்கும் அதே 100தான். மொத்தம் 200. வண்டி நகர 300 தேவை என்றால் இடது சக்கரம் சும்மா சுழலும், வலது அசையாது. பிடிப்பில்லாத சக்கரம்தான் முழு வண்டியின் இழுவையையும் முடிவுசெய்கிறது.

ரேஸ் கார்களில் இதே தொல்லை ரொம்பப் பழையது. ஆட்டோ யூனியன் கிராண்ட் பிரீ காரில் ஒரு பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்றதால், அதை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே 1935-இல் இசட்எஃப் கம்பெனியிடம் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (எல்எஸ்டி), அதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல், செய்யச் சொன்னார். இன்றைக்குப் பெர்ஃபார்மென்ஸ் கார்களில் வரும் எல்எஸ்டி பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கிளட்ச் பிளேட் வகை: ஆக்ஸிலரேட்டர் அழுத்த அழுத்த உள்ளிருக்கும் சரிவுகள் பிளேட்டுகளை நெருக்கி இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் ஓரளவு இணைக்கும். இன்னொன்று டோர்சன் போன்ற ஹெலிக்கல் கியர் வகை. டார்க் பயாஸ் ரேஷியோ (பிடிப்புள்ள சக்கரத்துக்கு மற்றதைவிட எத்தனை மடங்கு டார்க் போகலாம் என்ற கணக்கு) 2.5 என்றால், நம் கணக்கில் களிமண் சக்கரத்துக்கு 100, கெட்டித்தரை சக்கரத்துக்கு 250, மொத்தம் 350, வண்டி நகர்ந்துவிடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் கதை வேறு. பூஜ்யத்தை 2.5-ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

எம்எல்டி இந்த இரண்டிலும் சேராது. வேலை இல்லாதபோது முழுக்க முழுக்கச் சாதாரண டிஃபரென்ஷியல், வேலை வந்தால் முழுப் பூட்டு. நடுவில் எதுவும் கிடையாது. உள்ளே சின்ன கவர்னர் (வேகத்தை உணர்ந்து இயங்கும் சுழல் கருவி) ஒன்று இருக்கிறது, இரண்டு எடைக்கட்டிகளோடு. இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு 100 சுற்றை எட்டினால் கட்டிகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். அதோடு கேம் பிளேட் நின்றுபோய், சைடு கியர் அதன் சரிவில் ஏறி கிளட்ச் பிளேட்டுகளை அழுத்தும். இரண்டு சக்கரமும் ஒரே துண்டாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஸ்விட்ச், ஒயர், சென்சார் ஒன்றும் கிடையாது. அதனால்தான் உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இதன்மேல் தனி நம்பிக்கை வருகிறது.

ஏன் 100 சுற்று? நியோவின் 215/75 ஆர்15 டயருக்குச் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் மணிக்கு 13 கிலோமீட்டர் வேக வித்தியாசம். 5 மீட்டர் ஆரத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் யு-டர்ன் அடித்தாலும் உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் வித்தியாசம் 35 சுற்றை ஒட்டித்தான் வரும். ஆகவே சந்து திரும்பும்போது தப்பித்தவறிப் பூட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. கிளட்ச் வகை எல்எஸ்டி உள்ள கார்களைப் பார்க்கிங்கில் ஒடித்துத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று நடுங்குமே, அதுவும் இதில் கிடையாது.

மணலில் ஓட்டும் முறையை இதற்காகக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ‘மெதுவா, பட்டும் படாமலும் ஆக்ஸிலரேட்டர் கொடு’ என்பது சாதாரண வண்டிக்கு நல்ல புத்திமதி. எம்எல்டி வண்டியில் அப்படியே செய்தால் வித்தியாசம் 60, 70 சுற்றிலேயே நின்றுவிடும், பூட்டு விழாது, சக்கரம் குழி பறித்துக்கொண்டே போகும். முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகக் கொஞ்சம் கூட்டுங்கள். சக்கரம் ஒரு கணம் சுழலும், பின்னால் ‘டொக்’கென்று கேட்கும், உடனே வண்டி முன்னால் தள்ளும். அந்தச் சத்தம் வந்ததும் காலைச் சற்றே தளர்த்தி, அதே வேகத்தில் நிறுத்தாமல் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். சத்தம் கேட்டுப் பயந்து காலை முழுசாக எடுத்தால் பூட்டு விடுபட்டுவிடும்.

செய்யவே கூடாத ஒன்று: ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதிப்பது. சக்கரம் 300, 400 சுற்றில் பறந்துகொண்டிருக்கும்போது பூட்டு விழுந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கிளட்ச் பிளேட், கிரௌன் (டிஃபரென்ஷியலைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்), ஆக்ஸில் ஷாஃப்ட் தலையில்தான் இறங்கும். ஈட்டனின் இதே அமைப்பு 1973 முதல் அமெரிக்காவில் ஜிஎம் டிரக்குகளில் வந்துகொண்டிருக்கிறது. அங்கேயும் பெரிய டயர் மாட்டிக் கண்டபடி முறுக்கியவர்களிடம்தான் அதிகம் உடைந்தது. நியோவுக்குப் பெரிய டயர் போட ஆசைப்படுகிறவர்கள் இதை மனதில் வைக்கட்டும்.

டயர் காற்றையும் மறக்கக் கூடாது. இரண்டு சக்கரமும் சர்க்கரை மணலில் புதைந்தால் பூட்டு இருந்தும் பயனில்லை, இரண்டும் சேர்ந்தே குழி பறிக்கும். 18–20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தடம் அகலமாகி மணல்மேல் மிதக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும். இதெல்லாம் தோப்புப் பாதைக்கும் குப்பத்துச் சந்துக்கும்தான். தேவனாம்பட்டினம் போன்ற திறந்த கடற்கரையில் வண்டி இறக்காதீர்கள். ஜனவரி தொடங்கி பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது.

மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் எம்எல்டி பூட்டாது. கொக்கி தானே விலகிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். மழையில் நனைந்த ஈசிஆரை நினைத்தால் இது ரொம்பச் சரியான முடிவு. வளைவில் சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் உள்சக்கரம் மட்டும் வழுக்கும், வெளிச்சக்கரம் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். இரண்டும் பூட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாக வழுக்கி வால் வெளியே போய்விடும். பிஎம்டபிள்யூ எம் கார்களில் கம்ப்யூட்டர் அந்தப் பூட்டை நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்கிறது. நியோவில் அப்படி எதுவும் இல்லை, ஏழு பேரை ஏற்றிப் போகும் வண்டிக்குத் தேவையும் இல்லை. வளைவில் வேகமாகப் போக உதவும் என்று நினைத்து இதை வாங்காதீர்கள்.

இது ஃபோர் வீல் டிரைவும் ஆகாது. முன்சக்கரம் வரப்பில் முட்டி நின்றால் பின்சக்கரம் தள்ளித்தான் பார்க்க முடியும். ஈரக் களிமண்ணில் ரோடு டயரின் பள்ளங்கள் அடைபட்டு வழவழவென்று ஆகிவிட்டால் பூட்டு இருந்தும் வண்டி பக்கவாட்டில் சறுக்கும். வாங்கிய டயர் தேய்ந்ததும் ஆல் டெரைன் டயருக்கு, அதே அளவில், மாறுவது நல்ல முதலீடு.

பராமரிப்பில் முக்கியம் ஆயில். கிளட்ச் வகை எல்எஸ்டிக்கு ஃபிரிக்ஷன் மாடிஃபையர் (பிளேட்டுகளின் உராய்வை மாற்றும் சேர்மானம்) ஊற்றச் சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு எம்எல்டி ஹவுசிங்கிலும் ஊற்றினால் பிளேட்டுகள் வழுக்கிப் பிடி தளரும். மேனுவலில் போட்ட கிரேடு எதுவோ அது மட்டும். 2024 ஃபெஞ்சல் புயல் சமயத்தில் பார்த்ததுபோல் தென்பெண்ணை தண்ணீர் ரோட்டுக்கு வந்து, ஆக்ஸில் மூழ்க ஓட்ட நேர்ந்தால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலைச் சோதியுங்கள். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். ப்ரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) சேற்றாலோ துருவாலோ அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிரெய்ன் செய்யும்போது ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்தது உறுதி. அன்றே மாற்ற வேண்டும், ப்ரீதரையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பழைய நியோ வாங்குகிறவர்கள் ஆர்சி, இன்வாய்ஸில் வேரியன்ட்டைப் பார்த்துக்கொள்வதே நிச்சயமான வழி. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஒன்றைக் கையால் மெதுவாகச் சுற்றி, மற்றது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கும் மெக்கானிக் சோதனை இங்கே ஏமாற்றும். எம்எல்டியிலும் மற்றது எதிர்ப்பக்கம்தான் சுற்றும். சோதிக்க வேண்டுமானால் ஒரு பின்சக்கரத்தைத் தார் மேலும் மற்றதை உதிரி மணல் மேலும் நிறுத்தி, முதல் கியரில் மேலே சொன்னபடி கிளப்பிப் பாருங்கள். ஆயிலையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள். காந்த போல்ட்டில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் கவலையில்லை, கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லு இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

பஞ்சர் கடையில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது கியரில் போட்டு இன்ஜினை ஓட விடக் கூடாது. சாதாரண வண்டியில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். இதில் 100 சுற்றைத் தொட்டதும் பூட்டு விழுந்து தரையில் இருக்கும் சக்கரமும் சுற்றும், வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும். வண்டியை விடும்போதே கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.