சென்னை மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார்: நாலு வருட அனுபவம்

சோலார் போடலாமா என்று விசாரிப்பவர்கள் எந்தக் கம்பெனி பேனல், போட்ட காசு எப்போது திரும்பும் என்று கேட்கிறார்கள். டிசம்பரில் மாடியில் நிழல் எங்கே விழும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் பிராண்டைவிட அதுதான் முக்கியம்.

எங்கள் வீட்டில் இருப்பது தெற்கு பார்த்த பேனல்கள், 12 டிகிரி சாய்வு, நெட் மீட்டர் (நாம் மின்வாரியத்துக்கு அனுப்பும் மின்சாரத்தை, வாங்கியதில் கழித்துக் கணக்குப் பார்க்கும் மீட்டர்). சராசரி நாளுக்கு 12 யூனிட். கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு சரியாகவே வருகிறது. ஆனால் அது சராசரிதான். மார்ச்சில் 14-ஐத் தாண்டும். நவம்பர் அடைமழையில் 3 வந்தாலே பெரிய விஷயம்.

கத்திரி வெயிலில் மீட்டர் பறக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பறக்காது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மே மாத மதியத்தில் கண்ணாடி 60 டிகிரியைத் தொடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் அப்படியே போய்விடும்.

இன்னொரு காரணம், அப்போது சூரியன் தெற்கே இல்லை. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கில். அதனால் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அன்று 12 மணி 7 நிமிடத்துக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள், துணி காயப்போடும் கம்பித் தூணுக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 10 டிகிரி வடக்கு, டிசம்பர் 21 அன்று 36 டிகிரிக்கு மேல் தெற்கு. பேனலைத் தெற்கே சாய்ப்பதால் ஜூனில் கொஞ்சம் இழக்கிறோம், டிசம்பரில் அதைவிட அதிகம் மீட்கிறோம். (உத்தராயணம் தை முதல் தேதி என்று பஞ்சாங்கம் சொன்னாலும் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே.)

நிழல் விஷயத்துக்கு வருகிறேன். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் வாட்டர் டேங்க் தென்மேற்கு மூலையில்தான் இருக்கும். எங்களுடையதும் அப்படித்தான். அளவெடுக்க வந்த பையன் வந்தது ஜூனில். அப்போது டேங்க் நிழல் பிற்பகலில் தென்கிழக்காக, பேனலுக்குச் சம்பந்தமில்லாத பக்கம் விழுந்தது. "நிழலே இல்லை சார்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். டிசம்பரில் அதே நிழல் வடகிழக்காகத் திரும்பி, மூன்று மணிக்கெல்லாம் முதல் பேனலின் மூலையில் ஏறிவிட்டது. தொடராக இணைத்த வரிசையில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் நஷ்டம் அந்த ஒன்றோடு நிற்பதில்லை. கடைசியில் ஸ்டாண்டை டேங்க் உயரத்துக்குத் தூக்கிப் போட்டோம், தனிச் செலவு. ஆறடி டேங்குக்கு டிசம்பர் நண்பகலில் நாலரை அடி நிழல் வடக்கே நீளும். மாலையாக ஆக இன்னும் நீளும். இந்தக் கணக்கை எந்த மாதத்திலும் போட்டுப் பார்க்கலாம், டிசம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பகல் நேரம் குறைவதுபற்றி நம் ஊரில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் அது ஏறக்குறைய 9 மணி நேரம். டிசம்பரைக் கெடுப்பது மழை மேகம். ஜனவரியிலும் பகல் குறுகியதுதான், ஆனால் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், பேனலும் சூடாகாது, உற்பத்தி எழுந்துவிடும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதும் ஜனவரி முதல் வாரத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. அந்த அருகாமையால் வெளிச்சம் 7 சதவீதம் வரை கூடுதல்.

சீசனுக்கு ஏற்ப சாய்வை மாற்றும் ஸ்டாண்டு வாங்கச் சொல்லி இப்போது சிலர் வருகிறார்கள். டெல்லிக்காரர்கள் யோசிக்கலாம். 13 டிகிரியில் இருக்கும் நமக்கு அந்தக் காசு தண்டம். அதற்குப் பதில் மாடிக்கு ஒரு குழாய் இழுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலிருந்து மழை பெய்யாது, தூசி படியும். விடிகாலையில் கழுவுங்கள், சூடேறிய கண்ணாடியில் மதியம் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.