நாய்க்குட்டி ஃபாஸ்டர்: எதற்குக் காசு செலவழிக்கலாம், எதைக் கேட்டு வாங்கலாம்

ஃபாஸ்டர் என்றால், மீட்ட குட்டிகளை நிரந்தர வீடு கிடைக்கும்வரை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. குட்டிகளைக் கொண்டுவந்த அன்றைக்கே கடைக்கு ஓடத் தோன்றும். பஞ்சு மெத்தை, கிண்ணம், பொம்மை, கழுத்துப்பட்டை எல்லாம் அழகழகாக இருக்கும். முதல் தடவை நானும் மெத்தை வாங்கினேன். குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, மூன்றே நாளில் அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அடுத்தடுத்து பல ஈத்துக் குட்டிகளைப் பார்த்த பிறகு என் கணக்கு இப்படி: குட்டியின் வயிற்றுக்குள் போவதைத் தரம் பார்த்து வாங்க வேண்டும். குட்டிக்குக் கீழே விரிப்பதற்குக் காசே வேண்டாம். இடையில் இருக்கிற பொருள்களில்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பால்: மலிவானது எது, மலிவுபோலத் தெரிவது எது

தாயில்லாத, நான்கு வாரம்கூட ஆகாத குட்டி என்றால் முதல் கவலை பால். கைக்கு எட்டுவது பசும்பால், விலையும் குறைவு. ஆனால் தாய்நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல், லாக்டோஸ் குறைவு. பசும்பால் குடிக்கிற குட்டிக்குச் சத்தும் போதாது, வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு அதைத் தாங்காது. மருத்துவரிடம் ஒரே ஒரு தடவை ஓடினாலே மிச்சம் பிடித்த காசு போய்விடும். அதனால் நாய்க்குட்டிகளுக்கென்று வரும் பால் பவுடரைத்தான் வாங்குவேன். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. வீட்டிலேயே முட்டை மஞ்சள் கரு சேர்த்துக் கலக்கும் பால், நள்ளிரவில் குட்டி வந்து சேர்ந்து கடை திறக்கும்வரை சமாளிக்க மட்டும்.

பவுடரில் மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. பெரிய டப்பா கிராம் கணக்கில் மலிவுதான், ஆனால் ஒரே ஒரு குட்டி என்றால் பாதிக்கு மேல் வீணாகும். நான்கைந்து குட்டி இருந்தால் மட்டும் பெரிய டப்பா. கலந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. மீட்புக் குழுவில் வேறு யாரிடமாவது பாதி டப்பா இருக்கும். எந்தத் தேதியில் திறந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சிரிஞ்சா, பாட்டிலா? சிரிஞ்ச் மிக மலிவு, எத்தனை மில்லி உள்ளே போனது என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் அவசரத்தில் கொஞ்சம் அழுத்தி விட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. பாட்டிலில் குட்டி தானாக உறிஞ்சுகிறது, அந்த வேகத்தைக் குட்டியே பார்த்துக்கொள்ளும். நன்றாக உறிஞ்சும் குட்டிக்கு பாட்டில்தான் என் தேர்வு. கவிழ்த்துப் பிடித்தால் நிப்பிளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது. எதில் கொடுத்தாலும் குட்டி குப்புறப் படுத்த நிலையில்தான் குடிக்க வேண்டும், மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தக் கூடாது.

வெதுவெதுப்பு

முதல் வாரக் குட்டியின் உடல் வெப்பம் 35, 36 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூட அந்த வயதில் அதற்கு வராது. படுக்கை இடம் 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். சில்லிட்டுப் போன குட்டிக்கு உடனே பால் கொடுத்துவிடாதீர்கள், செரிக்காது. முதலில் மெதுவாகச் சூடாக்குங்கள், அப்புறம் பால்.

இதற்கு மின்சார ஹீட்டிங் பேட், விளக்கு, வெந்நீர்ப் பை என்று மூன்று வழி. பேட் சீரான சூடு தரும், ஆனால் விலை அதிகம். விலகிப் போக இடமில்லாவிட்டால் குட்டியின் தோல் வெந்துவிடும், கொஞ்சம் வளர்ந்த குட்டி ஒயரைக் கடிக்கும். விளக்கு மலிவு என்றாலும் துணிக்கும் அட்டைக்கும் பக்கத்தில் இரவு முழுக்க எரியவிட எனக்குத் துணிவில்லை. வெந்நீர்ப் பைதான் இருப்பதிலேயே மலிவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆறிவிடும் என்பார்கள். சரி, பச்சிளம் குட்டிக்குப் பால் கொடுக்க எப்படியும் அதே நேரத்துக்கு எழுந்திருக்கத்தானே வேண்டும்? பால் சூடாகும்போதே பையையும் நிரப்பிவிடலாம். துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி மறு ஓரத்துக்கு ஊர்ந்து போய்விடும்.

தராசை மட்டும் விடாதீர்கள்

சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு; நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான். ஏழு குட்டிகள் இருந்த ஓர் ஈத்தில், கூட்டத்தோடு கூட்டமாக ஒன்று பாட்டிலை நன்றாகவே சப்பிக்கொண்டிருந்தது, வயிறும் உருண்டையாகத்தான் தெரிந்தது. தராசில் மட்டும் நேற்று 310 கிராம், இன்றைக்கும் 310. மறுநாள் 302. அன்று காலையே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். கண்ணால் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும், அதற்குள் காலம் கடந்திருக்கும். சின்னக் குட்டி தினமும் எடை கூடிக்கொண்டே வர வேண்டும். குடற்புழு மருந்தும் எடை பார்த்துத்தான். இரண்டாவது வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது வழக்கம். பல குழுக்கள் மருந்தையும் தடுப்பூசியையும் தாங்களே தருகின்றன, அதனால் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பெட்டி, விரிப்பு, பார்வோ

இங்கே விலையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கிருமிநீக்கம் செய்ய முடியுமா, இல்லையென்றால் மனசு கேட்டுத் தூக்கிப் போட முடியுமா? குட்டிகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைத்து உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அடுத்து வரும் குட்டிகளுக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது.

அப்படிப் பார்த்தால் அட்டைப் பெட்டி காசில்லாதது, கதகதப்பானது, நனைந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். நடக்கத் தொடங்கிய குட்டிகளுக்கு மட்டும் போதாது. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி பழையது கிடைத்தால் விடாதீர்கள், கழுவுவது சுலபம். கம்பிக் கூண்டை இரவல் வாங்கலாம். மரப்பெட்டி இனாமாக வந்தாலும் வேண்டாம், மரத்துக்குள் ஊறியதைக் கழுவ முடியாது.

விரிப்புக்குச் செய்தித்தாளா, சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும் பீ பேடா (pee pad), பழந்துணியா? செய்தித்தாள் மட்டும் விரித்தால் குட்டியின் பின்னங்கால்கள் வழுக்கி அகன்றுபோகும். பீ பேட் நன்றாக உறிஞ்சும், ஆனால் பல் முளைத்த குட்டிகள் அதைக் கிழித்து உள்ளிருக்கும் ஜெல்லை விழுங்கும். தினசரிச் செலவும் கூட. நான் கீழே செய்தித்தாளும் மேலே பழைய டி-சர்ட்டோ ஃபிளானல் போர்வைத் துண்டோ போடுகிறேன். நூல் வளையம் உள்ள குளியல் துண்டு என்றால் நகம் மாட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிருமிநீக்கத்தில், வாசனையாக இருக்கும் தரைத் திரவங்களில் பல பார்வோவிடம் தோற்றுப்போகும். சாதாரண ப்ளீச் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு. முதலில் சோப்பு போட்டு அழுக்கைக் கழுவிவிட்டு இதை ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விட்டால் வேலை செய்யும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். சிறுநீர் கிடக்கும் இடத்தில் நேரடியாக ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும், அதனால் முதலில் துடைத்துவிடுங்கள்.

திட உணவு

மூன்று, நான்கு வாரத்தில் தொடங்கலாம். டப்பாவில் வரும் ஈர உணவு குட்டிக்குப் பிடிக்கும், ஆனால் வயிறு நிரம்ப நிறைய டப்பா வேண்டும். குட்டிகளுக்கான உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து மசித்தால் செலவு வெகுவாகக் குறையும். வளர்ந்த நாய்க்கான உணவு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைக் கொடுக்க வேண்டாம். வளரும் எலும்புக்கு வேண்டிய அளவில் புரதமும் கால்சியமும் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. உலர் உணவைத் திறந்தபின் காற்றுப் பட்டுக் கொழுப்பு காறிப்போகும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் தீராத அளவுள்ள மூட்டை, தள்ளுபடியில் வந்தாலும் லாபமில்லை. யாராவது திறந்த மூட்டை கொடுத்தால் தேதி பார்த்து, மோந்து பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், "நான் என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பொதுவாகச் சொன்னால் பொம்மைதான் வரும். பால் பவுடரின் பெயரைச் சொல்லுங்கள், ஒரு வாரத்துச் செய்தித்தாள் கேளுங்கள், வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய போர்வையைக் கேளுங்கள். ஒரு நாள் மதியம் வந்து இரண்டு வேளை பால் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்; அந்த நேரத்தில் நீங்கள் தூங்கலாம்.