விக்கிமீடியா காமன்ஸ்: ஆபீஸ் வேலைக்குப் படம் எடுக்கலாமா?

‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒருமுறை காசு கட்டிவிட்டால் பயன்படுத்தும்போதெல்லாம் தனித்தனியாகக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான் அதற்குப் பொருள். காசும் கட்டாமல் நோட்டீஸும் வராமல் படம் வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது உரிமத்தை.

இலவசப் படத் தளங்களான அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ், பிக்சாபே மூன்றிலும் லேப்டாப், காபிக் கோப்பை, கைகுலுக்கல் எல்லாம் அள்ள அள்ள வரும். படம் எடுத்தவர் பெயரைப் போடும் கட்டாயமும் இல்லை. கல்லணை, செட்டிநாட்டு வீடு, ஆவாரம்பூ என்று குறிப்பாகத் தேடும்போதுதான் கை விரிக்கின்றன. விக்கிபீடியாவின் சகோதரத் தளமும் யாரும் படம் ஏற்றக்கூடிய இலவசக் கிடங்குமாக 2004 முதல் இயங்கும் விக்கிமீடியா காமன்ஸ் அங்கே ஜெயிக்கிறது.

காமன்ஸில் தேடல் சுமார்தான். தமிழில் தட்டினால் குறைவாகவே கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறினாலும் பாதிப் படங்கள் ஒளிந்துகொள்ளும். பொருத்தமான ஒரு படம் கிடைத்ததும் பக்கத்தின் அடியில் உள்ள பகுப்பை (கேட்டகரி) திறந்துவிடுங்கள், மற்றவை வரிசையாக இருக்கும். தேடல் பக்கத்திலேயே உரிமம், பட அளவு என்று வடிகட்டவும் வழி உண்டு. ஏ4 முழுப்பக்க அச்சுக்கு 2480×3508 பிக்சல் தேவை. முன்னோட்டப் படத்தை வலது கிளிக் செய்து சேமிக்காமல் அசல் கோப்பையே இறக்குங்கள்.

இனி உரிமம். ‘சிசி’ என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், படைப்பாளிகள் தங்கள் படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் பொது உரிமங்களின் பெயர். சிசி ஜீரோ என்றால் நிபந்தனையே இல்லை. சிசி பிஒய் என்றால் படைப்பாளி பெயர், உரிமத்தின் பெயர், இணைப்பு, படத்தை மாற்றியிருந்தால் அந்தத் தகவல் எல்லாம் வேண்டும். ‘நன்றி: இணையம்’ செல்லாது; ‘நன்றி: விக்கிமீடியா’ மட்டும் போட்டாலும் செல்லாது. ‘படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய் 4.0, ஓரம் வெட்டப்பட்டது’ என்று போட்டு இணைப்பும் கொடுத்தால் சரி. சிசி பிஒய்-எஸ்ஏ (‘அதே உரிமத்தில் பகிர்’ என்ற நிபந்தனை கொண்டது) படத்தைப் பெயர் போட்டுப் பிரசுரத்தில் அப்படியே வைக்கலாம். வேறு படத்தோடு ஒட்டிப் போஸ்டர் செய்தால், அந்தப் போஸ்டரையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘டிசைன் எங்களுக்கு மட்டும்’ என்கிற வாடிக்கையாளருக்கு இது ஆகாது.

உரிமத்தின் பதிப்பு எண்ணும் முக்கியம். படைப்பாளி பெயர் விடுபட்டால் உரிமம் தானாக ரத்தாகும். 4.0-இல் தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பிவிடும். 3.0, 2.0 படங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. காமன்ஸில் அவையும் ஏராளம். பெயர் போடாதவர்களைத் தேடிப் பிடித்து இழப்பீடு கேட்பவர்களும் உண்டு.

புகைப்பட உரிமம் படத்துக்குள் இருப்பவை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பொது இடத்துச் சிலையையும் கட்டடத்தையும் படமெடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. சென்னை கண்ணகி நகர்ச் சுவர்களை விளம்பரத்தில் போடுவதாக இருந்தால் ஓவியரிடமும் கேட்க வேண்டும். முகம் தெரியும் ஆட்களுக்கும் தனி ஒப்புதல் தேவை. இந்தக் கடைசி விஷயத்தில் அன்ஸ்பிளாஷின் இலவசப் படங்களும் உத்தரவாதம் தருவதில்லை.

பெரிய குறை, அடுத்தவர் படத்தைத் தன் படம் என்று ஏற்றுபவர்கள். 640 பிக்சல் அகலமே உள்ள சிறிய படம், அடியில் கேமரா விவரம் எதுவும் இல்லை, ஏற்றியவர் கணக்கில் வேறு படமும் இல்லை என்றால் தொடாதீர்கள். மற்ற படங்களுக்கும் கோப்புப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் எடுத்து, சான்றாகப் படத்தின் அருகிலேயே சேமித்து வையுங்கள்.